இணையத்தை நிறுத்தச் சொன்னது யார்? அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்

வடமாநில நகரம் ஒன்றில் டிபன் கடை நடத்தும் தமிழ் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அரசு வேலைக்கான தேர்வு ஒன்றுக்காக அவருடைய ஊரில் இரண்டு நாள் செல்பேசி இணையம் நின்றுபோனது. காலை வியாபாரம் முழுக்கக் கல்லாப்பெட்டி மேலிருக்கும் கியூ.ஆர். அட்டையை நம்பி நடப்பது. சாப்பிட்டவர்களில் பாதிப் பேரிடம் சில்லறை இல்லை. நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தால் "அரசு உத்தரவு" என்றார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் "எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். டிக்டாக்கை நிறுத்தியதும் இதே அதிகாரம்தானா, அரசு நினைத்தால் எதை வேண்டுமானாலும் அணைத்துவிடலாமா என்று முடித்திருக்கிறார். இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும், "உத்தரவு என்கிறார்களே, அந்த உத்தரவு எங்கே, அதில் கையெழுத்துப் போட்டவர் யார்" என்பதுதான் அவர் உள்ளபடியே கேட்பது. சரியான கேள்வி. இதை இன்னும் நிறையப் பேர் கேட்டிருக்க வேண்டும்.

நான் வழக்கறிஞன் அல்ல. தனியார் தொலைத்தொடர்பு நிறுவனங்களில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன். முதலில் டவர் பராமரிப்பு, பிறகு அரசு உத்தரவுகளைப் பெற்று நிறைவேற்றும் பிரிவு. எங்களை நோடல் அதிகாரி என்பார்கள். ஆகவே உத்தரவு எப்படி வருகிறது, வந்தபின் கணினித் திரையில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் நேரில் கண்டவை. நீதிமன்றத்தில் உங்கள் வழக்கு நிற்குமா என்பதை ஒரு நல்ல வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். நான் கையாண்ட உத்தரவுகளின் ஊர், தேதியை எழுத மாட்டேன். அந்த ரகசியத்தைக் காக்கக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு சிக்கலைப் பிரித்துவிடுவோம். உங்கள் ஊரில் நடந்தது வேறு, டிக்டாக்குக்கு நடந்தது வேறு. ஒரு பகுதியில் இணையச் சேவையையே நிறுத்துவது தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வரும். ஒரு குறிப்பிட்ட செயலியையோ இணையதளத்தையோ தடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வரும். முன்னது சாலையை மறிப்பது, பின்னது சாலையோரக் கடை ஒன்றைப் பூட்டுவது. உத்தரவிடும் அதிகாரி வேறு, நடைமுறை வேறு. நமக்கு மிக முக்கியமான வேறுபாடு, முதல் வகை உத்தரவை வெளியிட்டே ஆக வேண்டும். இரண்டாவது வகையை ரகசியமாக வைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த அதிகாரத்தின் வேர் 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் இருக்கிறது. பொது நெருக்கடி ஏற்பட்டாலோ பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலோ அரசு தந்திகளை நிறுத்தலாம், இடைமறிக்கலாம் என்றது அதன் 5(2) பிரிவு. ஆனாலும் 2017 வரை பெரும்பாலான இணைய முடக்கங்கள் அந்தச் சட்டத்தின் கீழ்கூட நடக்கவில்லை. கூட்டம் கூடத் தடை விதிக்கும் 144 தடை உத்தரவையே காட்டி மாவட்ட ஆட்சியர்கள் நிறுத்தச் சொன்னார்கள். 2015இல் குஜராத்தில் இடஒதுக்கீடு கேட்டுப் பட்டிதார் சமூகத்தினர் நடத்திய போராட்டத்தின்போது அப்படித்தான் நடந்தது. குஜராத் உயர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்றும் சொன்னது. 2017 ஆகஸ்டில்தான் தந்திச் சட்டத்தின் கீழ் தனி விதிகள் வந்தன. மாநிலத்தில் உள்துறைச் செயலாளர், மத்தியில் உள்துறை அமைச்சகச் செயலாளர், இந்த இருவர் மட்டுமே உத்தரவிடலாம். தவிர்க்க முடியாத சூழலில் இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத, முன்கூட்டியே அதிகாரம் அளிக்கப்பட்ட ஒருவர் உத்தரவிடலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் உள்துறைச் செயலாளர் அதை உறுதிசெய்யாவிட்டால் அது தானாகவே செத்துவிடும். காரணம் உத்தரவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்களிடம் அதைக் கொண்டுவருபவர் காவல் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது. தலைமைச் செயலாளர் தலைமையிலான மறுஆய்வுக் குழு ஐந்து வேலை நாட்களுக்குள் கூடி, உத்தரவு சட்டப்படியானதா என்று பதிவுசெய்ய வேண்டும்.

ஆகவே உங்கள் ஆட்சியர் அலுவலகம் "தெரியாது" என்றது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. அவர் கேட்டிருக்கலாம், கையெழுத்து தலைநகரில் போடப்பட்டிருக்கும்.

காகிதத்தில் உள்ளது இது. நடப்பது எப்படி என்பதற்கு ஓர் இரவைச் சொல்கிறேன். விதிகள் வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. இரவு பதினொன்றே காலுக்கு ஒரு காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி. ஊரில் கலவரம் வெடிக்கும் நிலை, இரண்டு தாலுகாவில் உடனே நெட்டை நிறுத்துங்கள் என்றார் ஓர் ஆய்வாளர். உத்தரவு வேண்டும் என்றேன். "வரும் வரும், நீங்கள் முதலில் நிறுத்துங்கள்" என்றார். எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் அச்சம். அனுமதி கொடுத்த அரசை எந்த நிறுவனம் பகைத்துக்கொள்ளும்? ஒரு மணி நாற்பதுக்கு என் வாட்ஸ்ஆப்புக்கு ஒரு புகைப்படம் வந்தது. முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, தாலுகாக்களின் பெயர் இருந்தது. "எந்த நாள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை" என்ற இடத்தில் வெறும் கோடுகள். திருப்பி அழைத்து, முடியும் நேரம் இல்லாமல் தொட மாட்டோம் என்றேன். இருபது நிமிடத்தில் அதே காகிதம் பேனாவால் நிரப்பப்பட்டு மறுபடியும் வந்தது: அடுத்த நாள் மாலை ஆறு மணி வரை. அந்த ஒரு வரி இல்லாமல் போயிருந்தால் அது எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். நிறுத்துவதற்கு ஆளாளுக்கு அழைப்பார்கள். திறந்துவிடச் சொல்லி இரவில் என்னை யாரும் அழைத்ததில்லை.

இன்னொன்றையும் அன்று கண்டேன். எங்கள் திரையில் தாலுகா என்று ஒன்று கிடையாது. டவர்களின் பட்டியல்தான் உண்டு. ஒரு டவரின் வீச்சு வருவாய்த் துறை வரைபடத்தைப் பார்த்து நிற்காது. இரண்டு தாலுகாவை நிறுத்தச் சொன்னால் எல்லையோர டவர்களைச் சேர்ப்பதா விடுவதா என்று நாங்களே முடிவெடுக்க வேண்டும், பயத்தில் சேர்த்துவிடுவோம். அப்படி மூன்றாவது தாலுகாவின் பத்துப் பதினைந்து கிராமங்களும் இருளில் போயின. 4ஜியில் குரல் அழைப்பும் தரவாகத்தான் போகிறது. ஆனால் அதற்குத் தனிப் பாதை இருப்பதால் இணையப் பாதையை மட்டும் அடைத்துவிட்டு அழைப்பையும் குறுஞ்செய்தியையும் விட்டுவைக்க முடியும். உங்கள் ஊரில் பேச முடிந்ததும் செயலி மட்டும் திறக்காததும் அதனால்தான். கம்பிவழி இணைப்பை வங்கிகளையும் மருத்துவமனைகளையும் கருதிப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால் மருந்துக் கடையில் அட்டை தேய்க்கும் கருவிக்குள்ளும் ரேஷன் கடையின் கைரேகைக் கருவிக்குள்ளும் இருப்பவை சிம் அட்டைகள். அவை ஒன்றாகச் செத்துப்போகும். வீட்டில் ஃபைபர் வைத்திருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. செல்பேசி மட்டுமே இணையமாக உள்ளவருக்கு எல்லாமே போய்விடும். உத்தரவில் கையெழுத்திடுகிறவர்களின் மேசைக்கு இந்தப் பட்டியல் வருவதே இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

உத்தரவை வெளியிட வேண்டும் என்ற வரி 2017 விதிகளில் இல்லை. அதைக் கொண்டுவந்தது காஷ்மீர் வழக்கு. 2019 ஆகஸ்டில் அங்கே தொலைபேசி, இணையம் எல்லாமே நிறுத்தப்பட்டன. பத்திரிகை ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று தீர்ப்பளித்தது. இணையத்தின் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு தரும் பாதுகாப்புக்கு உட்பட்டவை. காலவரையின்றி நிறுத்த முடியாது. நோக்கத்துக்குத் தக்க அளவில்தான் கட்டுப்பாடு இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுக்க வசதியாக உத்தரவுகளை வெளியிட வேண்டும். உங்கள் டிபன் கடையும் இந்தத் தீர்ப்புக்குள் வருகிறது, தொழில் செய்யும் உரிமை என்ற வகையில். அந்த ஆண்டு நவம்பரில் ஓர் உத்தரவு 15 நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று விதி திருத்தப்பட்டது. நல்ல தீர்ப்புதான், ஆனால் காஷ்மீர் மக்களுக்கு 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். மணிப்பூரில் 2023 மே மாதம் நின்ற செல்பேசி இணையம் பெரும்பாலான இடங்களில் டிசம்பரில்தான் வந்தது. புதிய புதிய உத்தரவுகளாகப் போட்டு நீட்டித்துக்கொண்டே போக முடிந்தது.

இப்போது 1885 சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறது. 20ஆவது பிரிவு நிறுத்தும் அதிகாரத்தைத் தருகிறது. அது 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் 2024 நவம்பரில் புதிய நிறுத்த விதிகள் வந்தன. உத்தரவிடும் அதிகாரிகள் ஏறக்குறைய அவர்களேதான். காரணம், பகுதி, காலம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு உத்தரவை வெளியிட வேண்டும் என்பதும் 15 நாள் வரம்பும் விதியிலேயே ஏறிவிட்டன. இதுவரை நான் சொன்னவற்றில் ஐயம் எதுவும் இல்லை.

ஐயம் தொடங்குவது இதற்குப் பிறகுதான். தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்க ஊர் முழுவதும் இணையத்தை நிறுத்துவது சட்டப்படி சரியா? தேர்வு மோசடி "பொது நெருக்கடி" ஆகாது, "பொதுப் பாதுகாப்பு" என்பதிலும் அடங்காது என்பது என் உறுதியான கருத்து. தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, இந்த இரண்டு நிலைகளும் சாதாரண மனிதர் எவர் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டியவை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முந்நூறு மையங்களில் தேர்வு நடந்தால் முந்நூறு வாசல்களில் செல்பேசியை வாங்கி வைக்க முடியும். அதைச் செய்யாமல் கோடிப் பேரின் இணைப்பைத் துண்டிப்பது தக்க அளவு ஆகுமா? மேற்கு வங்கத்தில் மாத்யமிக் எனப்படும் பத்தாம் வகுப்புத் தேர்வுக் காலத்தில் சில மாவட்டங்களில் இணையத்தை நிறுத்திய உத்தரவுக்கு 2022 மார்ச்சில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அசாமில் 2024 செப்டம்பரில் ஆட்சேர்ப்புத் தேர்வுக்காக நிறுத்தியபோது, ஞாயிற்றுக்கிழமையே கூடிய கௌஹாத்தி உயர் நீதிமன்றம் உடனே திறக்கச் சொன்னது. ஆனாலும் ராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் தேர்வு முடக்கம் பழக்கமாகவே இருந்துவந்திருக்கிறது. இரண்டு நாளில் இணையம் திரும்பிவிடுவதால், வழக்கு விசாரணைக்கு வரும்போது கேட்க ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. அதனால் கேள்வி முழுமையாகத் தீர்க்கப்படாமலே நிற்கிறது. உங்கள் இரண்டு நாள் நட்டத்துக்கு இழப்பீடு கிடைக்கும் என்றும் நான் ஆசை காட்ட மாட்டேன். அப்படிக் கிடைத்த ஒருவரையும் என் வேலைக் காலத்தில் பார்த்ததில்லை.

அதிகாரிகளை வில்லன்களாகக் காட்டுவது என் நோக்கமல்ல. 2018இல் குழந்தை கடத்துகிறார்கள் என்ற வாட்ஸ்ஆப் வதந்தியால் தமிழ்நாட்டிலும் வேறு மாநிலங்களிலும் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த இரவுகளில் ஒரு காவல் கண்காணிப்பாளர் எதற்கு அஞ்சினார் என்பது எனக்குப் புரியும்; சில மணி நேரம், சில டவர்கள் என்றால் நானே நியாயம் சொல்வேன். ஆனால் அந்த வதந்திகளுக்கு எதிராக நிலையாக நின்றது, ஒரே செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்ஆப் நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் கொண்டுவந்த கட்டுப்பாடு. யாருடைய இணைப்பும் துண்டிக்கப்படவில்லை. அதே ஆண்டு மே மாதம் 13 பேரைப் பலிகொண்ட தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. உயிரோடு இருக்கிறாரா என்று வீட்டார் தேடிய நேரம் அது. மக்களுக்குச் செய்தி மிகவும் தேவைப்படும் நாளும் அரசு இணையத்தை நிறுத்த நினைக்கும் நாளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. முடக்கத்தால் வன்முறை குறைந்தது என்று நிறுவ அரசிடமே கணக்கு இல்லை. சசி தரூர் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் அளித்த அறிக்கையில், எத்தனை முடக்கம் நடந்தது என்ற பதிவேடே உள்துறை அமைச்சகத்திடமும் தொலைத்தொடர்புத் துறையிடமும் இல்லை என்று குறித்திருக்கிறது.

இனி டிக்டாக். 2020 ஜூன் 29 அன்று அதையும் சேர்த்து 59 செயலிகளை மத்திய அரசு 69ஏ பிரிவின் கீழ் தடுத்தது. இங்கே மாநில அரசுக்கு நேரடி அதிகாரம் இல்லை. கோரிக்கை அனுப்பலாம், முடிவு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துடையது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே தடுக்கலாம். 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தபோது, நடைமுறைப் பாதுகாப்புகள் இருக்கின்றன என்று சொல்லி 69ஏவை விட்டுவைத்தது. ஆனால் 69ஏ பிரிவின் கீழ் வந்த 2009 விதிகளின் 16ஆவது விதி, கோரிக்கைகளையும் அதன்மீதான நடவடிக்கைகளையும் கண்டிப்பான ரகசியமாக வைக்கச் சொல்கிறது. நீதிமன்றங்களும் தடுக்கச் சொல்லலாம். இதே டிக்டாக்கை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடைசெய்து, மூன்று வாரத்தில் நிபந்தனையோடு விலக்கிக்கொண்டது. 2012இல் ஒரு தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்க அதே உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவைக் காட்டி, சட்டப்படி இயங்கிவந்த காணொளித் தளங்களையே இணைய நிறுவனங்கள் மொத்தமாக மூடிவிட்டன. திருட்டுப் பிரதி உள்ள குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுங்கள் என்று நீதிமன்றம் பிறகு விளக்க வேண்டியிருந்தது. இன்று அந்த விளக்கத்தைப் பின்பற்றுவதுகூடக் கடினம். இடையில் யாரும் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டி அனுப்பும் மறையாக்கத்தில் தளங்கள் இயங்குவதால் எங்கள் பக்கத்திலிருந்து தளத்தின் பெயர் மட்டுமே தெரியும், எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஒரு பக்கத்தைத் தடுக்கச் சொன்னாலும் முழுத் தளத்தையே மூட வேண்டிவரும்.

வாட்ஸ்ஆப் போன்ற சேவைகள் 2023 சட்டத்துக்குள் வருமா என்பதில் தெளிவு இல்லை. 2022 வரைவில் அவை வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருந்தன. இறுதிச் சட்டத்தில் அந்தச் சொற்கள் இல்லை. அவை வராது என்று அமைச்சர் சொன்னார். ஆனால் "செய்தி", "தொலைத்தொடர்பு" ஆகியவற்றுக்கான விளக்கம் அகலமாக இருப்பதால் நாளை வேறு விதமாகப் படிக்கவும் இடமிருக்கிறது. அமைச்சரின் வாய்மொழி சட்டம் ஆகாது.

நீங்கள் செய்யக் கூடியதைச் சொல்கிறேன். முதலில் உங்கள் மாநில உள்துறையின் இணையதளத்தில் உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பிறகு உள்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு அனுப்புங்கள். "ஏன் நிறுத்தினீர்கள்" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன தேதிகளில் இன்ன மாவட்டத்தில் இணையச் சேவையை நிறுத்திய உத்தரவின் நகல், இணைச் செயலாளர் நிலை அதிகாரி பிறப்பித்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் அதை உறுதிசெய்த ஆணையின் நகல், மறுஆய்வுக் குழு கூடிய தேதியும் அதன் பதிவும். 30 நாளில் பதில் வர வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி 8(1)(ஏ) பிரிவின் கீழ் மறுத்தால், வெளியிட வேண்டும் என்று விதியே சொல்லும் உத்தரவு எப்படி ரகசியமாகும் என்று அனுராதா பாசின் தீர்ப்பைக் குறிப்பிட்டு முதல் மேல்முறையீடு செய்யுங்கள். உங்கள் சேவை நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நகல் தர மாட்டார்கள். ஆனால் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்பதை எழுத்தில் வாங்கிவிட்டால், உத்தரவில் உள்ள நேரத்தோடு ஒப்பிடலாம். நான் பார்த்த முடக்கங்களில் அந்த இரண்டு நேரங்களும் பொருந்தாமல் போனது ஒருமுறை இருமுறை அல்ல. உங்கள் கடைத்தெருவில் இருபது பேர் அந்த இரண்டு நாள் கல்லாக் கணக்கை எழுதி வைத்திருந்தால், அடுத்த தேர்வுக்கு முன்பே வணிகர் சங்கம் ரிட் மனு போடலாம். இணையம் திரும்பிய பிறகு ஓடுவதைவிட, தேர்வுத் தேதி அறிவிக்கப்பட்டதும் நீதிமன்றம் போவதுதான் பலனளிக்கும். அதற்கு அந்த உத்தரவு நகல் முதல் ஆவணமாக வேண்டும்.